போரை எதிர்த்தவர்தான் ஊழலையும் பிடித்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சண்டை நடக்கும்போது நடுநிலை பேசுவது கோழைத்தனம் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இதே பகுதியில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ராபர்ட் லா ஃபாலெட் பட்ட பாட்டைக் கோழைகள் யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில செனட்டர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 ஏப்ரல் 4 அன்று ஜெர்மனி மீதான போர்த் தீர்மானம் செனட்டுக்கு வந்தபோது 82 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த 6 பேரில் இவர் ஒருவர். ஜெர்மனி செய்தது சரி என்று அவர் வாதாடவில்லை. வட கடலைப் போர்ப் பகுதியாக அறிவித்துக் கண்ணிவெடிகளைப் போட்ட பிரிட்டனிடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நீர்மூழ்கிக் கப்பலை ஏவிய ஜெர்மனியிடம் மட்டும் சட்டம் பேசினால் அதற்குப் பெயர் நடுநிலையா என்று மணிக்கணக்கில் கேட்டார். பதுங்குகுழியில் கிடந்து அழுகப்போகிற ஏழைகளுக்காகப் பேச ஆளில்லையே என்று கொதித்தார். வெளியே வந்தவரின் கையில் யாரோ ஒரு கயிற்றைத் திணித்தார்களாம், தூக்கில் தொங்கு என்று.

செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேசினார். ஜெர்மனியால் நமக்குக் கடுமையான பாதிப்பு உண்டு என்று அவர் சொன்னதை, பாதிப்பே இல்லை என்று சொன்னதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நாடு முழுக்க அனுப்பிவிட்டது. துரோகி என்றார்கள். பதவியைப் பறிக்கச் சொல்லி செனட்டுக்கு மனுக்கள் குவிந்தன. அவருடைய மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் அவரைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 1918 மே மாதத்தில். புகாரை செனட் தள்ளுபடி செய்தபோது 1919 பிறந்து, போரே முடிந்திருந்தது.

நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னை அவர் பக்கம் இழுத்தது இதற்குப் பிறகு நடந்த விவகாரம். வயோமிங் மாநிலத்தில் டீபாட் டோம் என்ற இடத்தில் கடற்படைக் கப்பல்களுக்கென்றே ஒதுக்கிவைத்திருந்த எண்ணெய் வயல் இருந்தது. அரசு நிலங்களுக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால், 1922இல் அதை டெண்டர் கோராமல் ரகசியமாக ஹாரி சின்க்ளேர் என்ற முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டார். விசாரணை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர் லா ஃபாலெட். மொன்டானா செனட்டர் தாமஸ் வால்ஷ் விடாமல் துருவினார். இதேபோல ஃபாலிடம் கலிபோர்னியாவில் இருந்த கடற்படை எண்ணெய் வயலைக் குத்தகைக்குப் பெற்ற எட்வர்ட் டொஹேனி, ஒரு லட்சம் டாலரை ரொக்கமாகக் கருப்புப் பையில் வைத்து மகன் மூலம் ஃபாலுக்குக் கொடுத்தனுப்பியது அம்பலமானது. கைமாற்றுக் கடன் என்று சமாளித்துப் பார்த்தார்கள். ஃபால் கடைசியில் சிறைக்குப் போனார்.

நான் பார்த்த கோப்புகளில் 'அவசரம் கருதி' என்ற வாசகம் அடிக்கடி வரும். அதை எழுதிவிட்டால் டெண்டர் வேண்டாம், மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்க வேண்டாம். சரக்கு வந்து சேருமுன்பே பில் பாஸாகியிருக்கும். ஏன் என்று கேட்கிறவன் வேலையைக் கெடுக்க வந்தவன். போரைவிடப் பெரிய அவசரம் ஒரு அரசாங்கத்துக்கு ஏது? லா ஃபாலெட்டுக்கு இது புரிந்திருந்தது. போர் மூண்ட பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. செலவைக் கடன் பத்திரங்களில் ஏற்றாதே, போரில் கொழுத்த கம்பெனிகளின் லாபத்தில் கடுமையாக வரி போடு என்று மல்லுக்கு நின்றார்.

விஸ்கான்சினில் ஜெர்மானிய வம்சாவளியினர் அதிகம், அந்த ஓட்டுக்காகப் பேசினார் என்பார்கள். ஓட்டுக் கணக்கு அறவே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டும்தான் கணக்கு என்றால், ரயில் கம்பெனிகளையும் வங்கிகளையும் எண்ணெய் முதலாளிகளையும் ஒரே ஆயுளில் பகைத்துக்கொண்டிருப்பாரா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஏவுகணை எங்கே விழுந்தது என்று வரைபடம் போட்டு விளக்குகிறீர்கள். அதை விற்றது எந்தக் கம்பெனி, என்ன விலை, டெண்டர் உண்டா, பணம் யார் கொடுத்த கடன் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். போர் வேண்டாம் என்று யாராவது பேசினால், அவர் பேசியதை முழுதாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
தஞ்சாவூர்