இருபத்து மூன்றாவது தீர்த்தம்

ராமேஸ்வரம்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள ராபியா,

நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டிவிட்டுப் படி. உன் வாய்ஸ் மெசேஜ் ஏழையும் கேட்டேன், ஒன்றில் உன் வீட்டுக் குக்கர் ஐந்து விசில் அடித்தது வரைக்கும் கேட்டேன், பதில்தான் போடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு ஃபோனில் தட்டித் தட்டிச் சொல்கிற விஷயமா இது? காலாண்டுப் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன்.

உம்மா முழங்கால் தேவலையா? அண்ணனைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்குக் காலேஜ் கிடைத்ததை ஒட்டகம் சொன்னாள். அவள் மாறவே இல்லை, ஒரு விஷயம் காதில் விழுந்தால் பாம்பன் தாண்டுவதற்குள் நாலு பேருக்குச் சொல்லிவிடுவாள், அதனால் இதில் பாதி உனக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். அம்மாவைப் போலீஸ் பிடித்ததாக அவள் சொல்லியிருந்தால் அது மட்டும் பொய். மீதியெல்லாம் நிஜம்.

தங்கச்சிமடத்து வீடு போய்விட்டது. நீ வந்தால் உட்காருவாயே, அந்தக் கிணற்றடி, துவைக்கிற கல், எல்லாமும்தான். அண்ணன்மார் இரண்டு பேரும் போன வருஷமே அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் ரிசார்ட் வருகிறது, இன்னொரு பக்கம் என்ன வரப்போகிறதென்று வாங்கினவருக்கே தெரியாது, சும்மா வேலி போட்டு வைத்திருக்கிறார். நடுவில் அம்மா, நான், இவர், அப்புறம் மிச்சமிருந்த கொஞ்சம் மல்லிகைப் பாத்தி. குச்சி நறுக்கி நட்டு, காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றி, வேர் விட்டதும் பிடுங்கி, கட்டுக்கட்டாக ஆந்திரா கர்நாடகா என்று ஏற்றிவிட்ட மண் அது. எந்த ஊர்ப் பூக்கடையில் நின்றாலும் "இது எங்க வீட்டுப் பேத்தி" என்று அம்மா மல்லிகையைத் தொட்டுச் சொல்லுவாள், மதுரையில் ஒரு கடைக்காரன் நிஜமாகவே பயந்துபோனான். ஜேசிபி சத்தத்தில் இரண்டு மாசம் தூக்கம் இல்லாமல் கிடந்துவிட்டு, போதும் என்று அவளே சொன்னாள். அவள் வாயால் அது வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது இருப்பது ராமேஸ்வரத்தில், ரயிலடிக்கும் கோயிலுக்கும் நடுவில். நம் காலத்தில் உடங்காடாகக் கிடந்ததே, நண்டு சைக்கிளை முள்ளில் விட்டு இரண்டு டயரும் போச்சே, அந்த இடம்தான். மூன்று தளம், தளத்துக்கு நாலு வீடு, எங்களுடையது இரண்டாவது. வாங்கவில்லை, ஒத்திதான், ஆறு லட்சம், மூன்று வருஷம். பார்க்கப் போன அன்றைக்குப் பால்கனியில் நின்றால் கடல் தெரிந்தது, நல்ல காற்று வேறு, இவர் யோசிக்காமல் சரி என்றுவிட்டார். கடல் இப்போதும் தெரிகிறது. முன்னால் எழும்புகிற லாட்ஜுக்கு இன்னும் ஒரு தளம் போடுகிற வரைக்கும் தெரியும்.

வந்த அப்புறம்தான் தெரிந்தது, பன்னிரண்டு வீட்டில் குடும்பம் இருப்பது நாலில்தான். மீதி எட்டும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டில் நெல்லூர், சாயங்காலம் திறந்தால் நாக்பூர். புது ரயில் பாலம் வந்ததிலிருந்து இப்படித்தான் என்று வாட்ச்மேன் சொல்கிறார். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டியை நிறுத்தினார்களே, இரண்டேகால் வருஷம் கழித்து 2025 ஏப்ரலில்தான் ரயில் மறுபடி தீவுக்குள் வந்தது, கூட்டமும் கூடவே இறங்கிவிட்டது. புதுப் பாலம் பார்த்தாயா? நடுவில் 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகிறது. பெரிய வேலைதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பழையது ஆட்கள் நின்று சுற்றச் சுற்ற இரண்டு கையையும் தூக்குகிற மாதிரி திறக்குமே, அந்த அழகு இதில் இல்லை. ரோட்டுப் பாலம் திறந்தபோது நாம் பத்தாவது. 1988 காந்தி ஜெயந்திக்கு ராஜீவ் காந்தி வந்து திறந்துவிட்டுப் போக, நாம் பாலம் முழுக்க நடந்து போய்த் திரும்பி வந்து அடி வாங்கினோம். கணக்கு டீச்சர் மட்டும் திட்டவில்லை. "இனிமே இது தீவு இல்லைடி" என்றாள். என்னமோ சொல்கிறாள் என்று சிரித்தோம்.

நம் கட்டடத்துப் படிக்கட்டை நீ பார்க்க வேண்டும், எந்நேரமும் ஈரம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 கிணற்றிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஏறி வருவார்கள். கைப்பிடிக் கம்பி முழுக்கச் சேலை, வேட்டி. வந்ததும் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா, ஷாம்பு போட்டு இன்னொரு குளியல். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் வேர்க்கோட்டுச் சர்ச்சில் பூசை காண்கிற பொம்பளை, படிக்கட்டில் நின்றுகொண்டு "இருபத்தி ரெண்டு தீர்த்தம் ஆடிட்டு வந்து அதைக் கழுவி விடுறியே, புண்ணியம் சாக்கடைலயா போகணும்" என்று ஒரு தெலுங்கு ஆளிடம் சண்டை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தியில் இரண்டு வார்த்தை படித்துக்கொண்டிருக்கிறாள், "பானி கம்", தண்ணீர் கம்மி என்று அர்த்தம். யார் ஏறினாலும் இறங்கினாலும் பானி கம், பானி கம். பிள்ளைகள் அவளுக்குப் பானிகம் பாட்டி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

சிரிக்காதே. தண்ணீர்தான் இப்போது பிரச்சினை. கட்டிக் கொடுத்தவர் 120 அடிக்குப் போர் போட்டிருக்கிறார். முதல் மாசம் லேசாக உவர்ப்பு, துணியில் சோப்பு நுரைக்கவில்லை. இரண்டாவது மாசம் குழாய்க்கடியில் வெள்ளையாகப் படிந்தது. இப்போது வாயில் வைக்க முடியாது, குக்கர் வெயிட்டில் உப்புப் பூக்கிறது. குடிக்க வண்டித் தண்ணீர், குடம் 15 ரூபாய். கடல் காற்றுக்குத் துரு பிடிக்கும் என்று சின்ன வயசிலிருந்து தெரியும், தண்ணீருக்கே துரு பிடிப்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

முதல் நாள் வாயில் ஊற்றித் துப்பிவிட்டு அம்மா சொன்னாள்: "கடலுக்குப் பக்கத்துல ஆழமாத் தோண்டுனா கடல்தான்டி வரும்."

அப்புறம் யோசித்துப் பார்த்தால் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். கொட்டாவி விடாமல் கேள். இந்தத் தீவு மணல். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே ஊறிக் கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், அவ்வளவுதான். தனுஷ்கோடியில் கையால் மணலைப் பறித்தால் ஊறுகிறதே, அது அந்த மேல் தண்ணீர். நம் தங்கச்சிமடத்து உறைக்கிணறு, கோயிலுக்குள் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கிணற்றுக்குக் கிணறு ருசி மாறுகிற தீர்த்தங்கள், எல்லாம் அதே கணக்குதான். கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் தாங்கும். திருப்பிப் பார், மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மன்காரரும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்தது இது. நம் பாட்டிமார் எழுதவில்லை, பத்தடியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தத் தெருவில் மட்டும் கட்டி முடித்ததும் கட்டுவதுமாக ஒன்பது எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒரு போர், ஒவ்வொரு போரும் ஒரு உறிஞ்சுகுழல். ராத்திரி மோட்டார் சத்தம் கேட்டால் எனக்கு ஒரே ஒரு இளநீரில் பத்துப் பேர் ஸ்ட்ரா போட்டிருக்கிற மாதிரியே இருக்கிறது. அதில் ஒரு ஸ்ட்ரா என்னுடையது, ஆறு லட்சம் கொடுத்து வாங்கியது.

சரி, நடந்ததற்கு வருகிறேன். போன ஞாயிறு மகாளய அமாவாசை. எட்டு வீட்டிலும் ஆள், வராந்தாவில் ஆள், மொட்டை மாடியில் ஆள். மத்தியானத்துக்குள் டேங்க் காலி. மோட்டார் போட்டால் காற்று வருகிறது, அப்புறம் கலங்கலாக ஏதோ வருகிறது. செகரட்டரி ஃபோனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை விடிகாலை எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். கதவு திறந்து கிடக்கிறது. 71 வயசு, சுகர் வேறு. இவர் கடற்கரைப் பக்கம் ஓட, நான் நைட்டியோடு படி இறங்கினால், பின்பக்கம் ஜெனரேட்டருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் பேச்சுச் சத்தம். அம்மா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருக்கிறாள். நெல்லூர்க்காரப் பையன்கள் இரண்டு பேர் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்வெட்டி போடுகிறார்கள், வாட்ச்மேன் மண்ணை அள்ளிக் கொட்டுகிறார். எதிர்க் கட்டடத்திலிருந்து வாங்கிய நீல பிளாஸ்டிக் டிரம்மை இரண்டு பக்கமும் அறுத்து உறையாக இறக்கியாயிற்று. தெலுங்கு தெரியாது, இந்தியும் தெரியாது, எப்படித்தான் வேலை வாங்கினாளோ. கையைக் காட்டுகிறாள், அவன்கள் தோண்டுகிறான்கள்.

ஆறடி இருக்கும், மணல் கறுத்தது. அப்புறம் கசிந்தது. அரை மணி நேரத்தில் ஒரு முழம் தண்ணீர், முதலில் கலங்கல், அப்புறம் தெளிவு. அம்மா கொட்டாங்கச்சியில் மோந்து குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே ராபியா, நான் வேலையில் சேர்ந்த அன்றைக்குக்கூட அவள் முகத்தில் அதைப் பார்க்கவில்லை. நானும் குடித்தேன். இனிப்பு. நம் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே.

ஏழு மணிக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி. நாக்பூர்ப் பாட்டி ஒருத்தி வந்து குழிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். பையன்கள் தலையில் தெளித்துக்கொண்டார்கள். ஒருத்தர் வரிசையில் நின்று வாட்ச்மேனிடம் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். உள்ளே 22, இது 23. அம்மாவோ சிலுவை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் மோந்து ஊற்றுகிறாள்.

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். ஜெனரேட்டர் மேடைக்கு அந்தப் பக்கம் இரண்டு சிமெண்டு மூடி. செப்டிக் டேங்க். குழியிலிருந்து பதினைந்து அடி இருக்குமோ என்னவோ. பக்கத்துக் கட்டடத்துடையது சுவருக்கு அந்தப் பக்கம், அதுவும் அவ்வளவுதான். பன்னிரண்டு வீட்டுக்கு என்று கட்டியதை அமாவாசையன்று எத்தனை பேர் உபயோகித்தார்கள் என்று எண்ணிக்கூடப் பார்க்க முடியாது. மணல் தண்ணீரை எவ்வளவு வேகமாக உள்ளே விடுகிறதோ அதே வேகத்தில் அதையும் விடும். வயிற்றைப் பிரட்டிவிட்டது.

எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். கொட்டாங்கச்சியைப் பிடுங்கி எறிந்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து மேலே போய்விட்டாள். பையன்கள் முகம் சுண்டிப்போய் நின்றான்கள், இன்று நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. செகரட்டரி பத்து மணிக்கு வந்து, அனுமதி இல்லாமல் தோண்டியது தப்பு, கட்டடம் இறங்கிவிடும், மூடு என்றார். அதற்கு மட்டும் நான் அம்மா பக்கம். 120 அடிக்குத் துளை போட்டபோது இறங்காத கட்டடம், கிழவி ஆறடி தோண்டினால் இறங்குமா என்று கேட்டேன். ஏதோ முனகிக்கொண்டு போய்விட்டார். குழி இன்னும் இருக்கிறது, மேலே பலகை போட்டிருக்கிறோம்.

ஒரு பாட்டில் தண்ணீரை ராமநாதபுரத்துக்குப் பரிசோதனைக்குக் கொடுத்தனுப்பினேன், ரிசல்ட் வரவில்லை. யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, அம்மாவுக்கும் இல்லை, ஆனால் ஒரு வாரமாக அவள் என்னோடு பேச்சே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் இவரிடம் "டீச்சரம்மாட்ட சொல்லுங்க மாப்ள" என்கிறாள். தோட்டத்திலிருந்து ஒரே ஒரு மல்லிகைக் கன்றைத் தொட்டியில் கொண்டு வந்திருந்தாள், போர் தண்ணீரில் இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. இப்போது தினமும் இரண்டு மாடி இறங்கி அந்தக் குழியில் மோந்து வந்து ஊற்றுகிறாள். நேற்று ஒரு துளிர். அதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைக்கிறேன், "அங்க பாரு" என்று மட்டும் சொன்னாள். பேசியதாக வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு ராத்திரியில் வருகிற யோசனை வேறு. அவள் சொன்னது சரி, நான் சொன்னதும் சரி. தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது, அதைக் குடிக்க முடியாதபடி நாங்களெல்லாம் மேலே வந்து உட்கார்ந்துவிட்டோம். மூன்று வருஷ ஒத்தி முடிந்து வேறு இடம் போகலாம் என்கிறார் இவர். எங்கே போவது, போகிற இடத்திலும் கீழே மணல்தானே? உன் அண்ணன் சிவில் இன்ஜினியர் ஆயிற்றே, கேட்டுச் சொல்: மழைத் தண்ணீரை மொட்டை மாடியிலிருந்து அந்தக் குழிக்கு விட்டால் நல்லதா, இல்லை அழுக்கையும் சேர்த்து இழுத்துவிடுமா? ஐப்பசி மழை தொடங்குவதற்குள் சொல்லச் சொல். மற்ற மூன்று குடும்பத்திலும் பேசிவிட்டேன், இரண்டு பேர் சரி என்றார்கள், மூன்றாவது வீட்டம்மா லிஃப்ட் முதலில் என்கிறாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்கிறாய். இந்தத் தடவை வா. இரண்டு பெட்ரூம் இருக்கிறது, கடல் தெரிந்தாலும் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வரும்போது ஸ்வீட் கீட் ஒன்றும் வேண்டாம், ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் கொண்டு வா. அம்மாவுக்குக் கொடுத்துப் பார்ப்போம். ஒரு வாய் குடித்துவிட்டு "தண்ணி பரவாயில்ல, ஆனா மணல் வாசம் இல்லையே" என்பாள், பந்தயம்.

உன்,
மேரி

பி.கு.: ஒட்டகத்திடம் செப்டிக் டேங்க் விஷயத்தைச் சொல்லிவிடாதே. நெல்லூர் வரைக்கும் போய்விடும்.