பதிவேட்டில் முதல் பெயர்

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், வெறும் வயிற்றோடு டூட்டிக்கு ஓடாதே. போன வாரம் பேசும்போது உன் பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. டிவி என்றாய். சரி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நம் பாளையங்கோட்டை சபை உண்டான வரலாற்றை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உன் படிப்பு எனக்கு இருந்தால் ஒரே ராத்திரியில் எழுதி முடித்திருப்பேன். நமக்கெல்லாம் கோயில் என்றாலே ஊசிக்கோபுரம்தான், மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டியது. ஆனால் அவர் இந்த ஊருக்கு வந்ததே 1820இல்தான். அதற்கு 35 வருஷம் முன்னால், 1785இலேயே, கோட்டைக்குள் ஒரு கோயில் எழும்பிவிட்டது, கட்டியது கிளாரிந்தா அம்மாள். ஊர் ஜனம் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொன்னது.

சின்ன வயதில் நீ கேட்ட கதைதான். ஞாயிறு பள்ளியில் பாதியைத்தான் சொல்லித் தருவார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மராத்திப் பிராமண விதவை அவள், உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற இங்கிலீஷ் பட்டாள அதிகாரி காப்பாற்றினார் என்பார்கள். அவரோடுதான் வாழ்ந்தாள், வேதத்தையும் இங்கிலீஷையும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. ஞானஸ்நானம் கேட்டபோது, இப்படி இருக்கிறவரை முடியாது என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் சொல்லிவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், அதே ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்.

ஐயர் செய்ததுதான் முறை என்கிறார் அப்பா. நானும் முறை இல்லை என்று சொல்லமாட்டேன், கோயிலில் வளர்ந்தவள் நான். ஆனால் அந்த வருஷங்களில் அவள் யாரிடம் போய் மனசைத் திறந்திருப்பாள்? பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. அவளுக்கு ஒரு தாய் இருந்தாளா, இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எழுதும்போதெல்லாம் அதிலேயே போய் நிற்கிறேன்.

1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. அந்தக் காலத்தில், இந்த ஊரில், பல சாதிக்காரர்கள் ஒரே ஏட்டில். ஸ்வார்ட்ஸ் ஐயர் ஜெர்மன்காரர், லூத்தரன், உதவி செய்தது இங்கிலாந்து மிஷன் சங்கம். ஆங்கிலிக்கன் சபை என்று ஆனது, 1947இல் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை ஆனது எல்லாம் அப்புறம். சத்தியநாதன் ஐயர் குருப்பட்டம் பெற்று இங்கே ஊழியத்துக்கு வந்ததும் 1790க்குப் பிறகுதான். அவர்களுக்கெல்லாம் முன்னால் அவள் இருந்தாள். நீ மேடையில் பாடிப் பரிசு வாங்குவாயே, அந்தப் பாட்டுகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரையும் ஸ்வார்ட்ஸ் ஐயர் இந்தச் சீமையிலிருந்துதான் சின்னப் பையனாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்னை நினைத்தால் பெருமைதான். தம்பி படிப்பை முடித்தது உன் பணத்தில். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றாய், வரவில்லை, பஸ்காவுக்கு என்றாய், அதுவும் போயிற்று. லீவ் இல்லை என்கிறாய். லீவ்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு. சங்கத்தில் முழுக் கதையையும் பேசப் போகிறேன், ஞானஸ்நானம் மறுத்ததையும் சேர்த்து. யார் முகம் சுளித்தாலும் சரி. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்து வைத்தார்.

காலை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில்தான் இருப்போம். கூப்பிடு. அவர் பக்கத்தில் இருந்தால் போனைக் கொடு, இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

அம்மா