கோயில் இடிபடுமுன் வந்துவிடு

ஆனி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள கவிராயருக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய புத்தகத்துக்கு ஒரு வரிகூட நான் பதில் போடவில்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும், நேரில் வந்து திட்டு. மதினிக்கு முட்டுவலி தேவலை என்று உன் தம்பி பாளை மார்க்கெட்டில் சொன்னான். இங்கே எல்லாரும் சுகம். சாரல் காற்று நன்றாக வீசுகிறது. சுருட்டு வாத்தியார் வீட்டை விற்றுவிட்டார்கள். வேப்பமரத்தை வெட்டக்கூடாது என்று மகள் எழுதி வாங்கிக்கொண்டாளாம்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நம் மாதா கோயிலை இடிக்கப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 15 திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுவாரம் வேலை தொடங்குமாம். இடம் போதவில்லை என்கிறார்கள். அது உண்மைதான், கிறிஸ்துமஸ் இரவில் பாதி ஊர் வெளியே நிற்கிறது. ஆனால் கூட்டத்தில் சொன்ன இன்னொரு காரணத்தை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே ஒரே எதிரொலியாம், பாட்டெல்லாம் இரைச்சலாம். எட்டு ஒலிபெருக்கியும் கீபோர்டும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு, பழியைச் சுவர்மேல் போடுகிறார்கள்!

ஒலியைப் பற்றி நீ எழுதிய அத்தியாயத்தை அன்று இரவே எடுத்து மறுபடி படித்தேன். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895இல் ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் புறப்பட்ட கதையை என்ன அழகாக எழுதியிருக்கிறாய்! அங்கே பேசிய சொல் ஐந்தரை நொடி அடங்காமல் நின்றதும், ராத்திரியில் நாடக அரங்கின் மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி அவர் அளந்ததும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. மீட்டர் கணக்கில் கட்டடத்தின் கன அளவை, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால், ஓசை அடங்க ஆகும் எதிர்முழக்க நேரம் வந்துவிடும் என்பதை என் பேரனே புரிந்துகொண்டான். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களுக்கு நாலு பக்கம் கொடுத்திருக்கிறாய். சந்தோஷம். ஆனால் நீ நற்கருணை வாங்கிய கோயிலின் கூரைக்கு ஒரு வரி இல்லையே அப்பா! அதுதான் என் மனத்தாங்கல்.

புதன்கிழமை இரவு பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, பீடத்துக்கு முன்னால் நின்று ஒரு தட்டு தட்டினேன். அவன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். ஐந்து முறை செய்தோம். ஏறக்குறைய நான்கு நொடி. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், வளைவுக் கூரை, கல் தரை. ஓசையை விழுங்க அங்கே எதுவும் இல்லை. டிரம்ஸில் ஒரு நொடிக்கு நாலு அடி விழுந்தால், பதினாறு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இரைச்சலாகத்தான் இருக்கும். அது அந்தப் பாட்டுக்காகக் கட்டிய கூரை இல்லையே.

எந்தப் பாட்டுக்காகக் கட்டியது என்பதை மறுநாள் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நம் உபதேசியார் தாத்தாவை நினைவிருக்கிறதா? இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. கோயிலை இடிக்கும் செய்தியைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தார். பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டு. லத்தீன் பூசைப் பாட்டுகள் முழுவதும் தமிழ் எழுத்தில்! எழுத்துக்கு மேலே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். மேலே ஏறினால் மேல்கோடு, இறங்கினால் கீழ்க்கோடு, இழுத்துப் பாட வேண்டிய இடத்தில் ஒரு வால். நாலு கோட்டில் சதுரச் சதுரமாக அச்சடித்த புத்தகத்தைச் சாமியார் வைத்திருந்தாராம். பையன்களுக்காகத் தாத்தாவின் அப்பா இப்படி எழுதிக்கொண்டாராம்.

முதல் பக்கத்தில் ‘கீரியே எலேயிசோன்’, ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று பொருள். சொல் கிரேக்கம், பூசை லத்தீன், எழுத்து தமிழ். அந்த ‘எலேயிசோன்’ என்ற ஒரு சொல்லைப் பார். முதலில் குறில் எகரம், அடுத்து நெடில் லே, பிறகு சோ. குறிலுக்குப் புள்ளி வைக்கும் பழைய வழக்கம் இருந்தபோது, புள்ளி விடுபட்டுப்போகும் ஓலையில் இதை எப்படிப் படித்திருப்பார்கள்? நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்துக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். காமநாயக்கன்பட்டியில் சாமியாராக இருந்தவர். நாம் சைக்கிளில் போய், நீ பாதி வழியில் அழுதாயே, அதே ஊர். இத்தாலியிலிருந்து வந்தவர் திருத்திக் கொடுத்த எழுத்தை வைத்து, இத்தாலியில் பாடிய பாட்டை நம் ஊர்ப் பையன்கள் படித்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தாத்தாவை ஆட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மத்தியானம், யாரும் இல்லை. பீடத்தடியில் நின்று பாடினார். தேவதூதர் பூசை என்பார்களே, அந்தக் கீரியே. மேளம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. கேட்டால் சங்கராபரணத்தின் சாயல் அடிக்கும். ஒரு வரி பாடி நிறுத்தினார். நான் மறந்துவிட்டார் என்று நினைத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். “சுவர் பாடி முடிக்கட்டும்” என்றார்.

அப்போதுதான் கேட்டது. அவர் விட்ட சுரம் கூரையில் நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த சுரத்தை மெதுவாக அதன்மேல் வைக்கிறார். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. ஒரு கிழவர் பாடுகிறார், நாலு பேர் பாடுவதுபோல் இருக்கிறது. அந்த நான்கு நொடியை அறிந்தே அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். பாட்டில் பாதி நோட்டில் இருக்கிறது, மீதிப் பாதி கூரையில் இருக்கிறது. கூரையை இடித்துவிட்டால் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்.

லத்தீன் பூசையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறான் என்று நினைக்காதே. தமிழில் பூசை வந்த முதல் ஞாயிறு என் அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. சாமியார் என்ன சொல்லி வேண்டுகிறார் என்று நாற்பது வயதில்தான் அவளுக்கு விளங்கியது. அந்த அழுகையை நான் மறக்கமாட்டேன். ஆனால் தமிழைக் கொடுத்த அதே இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான், 1963இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டில், தாத்தா பாடியதுபோன்ற கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் எழுதிவைத்தது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. நம் பங்குச்சாமியார் இளையவர், நல்லவர். காட்டியதும் இரண்டு முறை படித்தார். “ஆதாரம் ஏதாவது கொண்டுவாருங்கள், கூட்டத்தில் பேசுகிறேன்” என்றார்.

அந்த ஆதாரம் நீதான். இஸ்தான்புல்லில் பழைய பெரிய கோயிலான ஹாகியா சோபியாவில் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் பலூனை உடைத்து, அந்த ஓசையைப் பதிவுசெய்து, அதிலிருந்து கட்டடத்தின் குரலைக் கணினியில் எடுத்தார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய்? பத்து நொடிக்கு மேல் முழங்கும் இடம். அப்போது அங்கே பாட அனுமதி இல்லை. ஆனாலும் வேறு இடத்தில் பாடிய பாடகர்களின் குரல் அந்தக் கூரைக்குக் கீழே பாடியதுபோல் ஒலித்தது. அதை நம் கோயிலில் செய். இடிக்காமல் விட்டால் மாதாவுக்கு நன்றி. இடித்தே தீர்வார்கள் என்றால், கூரையின் பாதியையாவது நீ எடுத்து வைத்திருப்பாய். தாத்தாவின் குரலையும் சேர்த்து எடு. நோட்டிலுள்ள கோடுகளுக்கு ராகம் தெரிந்தவர் இன்று அவர் ஒருவர்தான்.

பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புசாமியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாயே. சங்கப் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்த கையாலேயே தமிழில் அறிவியல் எழுதினார், இரண்டும் ஒரே வேலைதான் என்பாய். உன் கவிதையும் உன் அறிவியலும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இங்கே இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு எழுது. திருவிழாக் கொடி ஏறுமுன் வா. ஏறிவிட்டால் கோயிலில் ஆள் அடங்காது, அளக்க முடியாது. பெரிய பலூனாகப் பன்னிரண்டு வாங்கிவைத்திருக்கிறேன். நல்ல மைக் மட்டும் நீ கொண்டுவா. தாத்தாவுக்கு மத்தியானம்தான் குரல் தெளிவாக இருக்கிறது; காலையில் சளி. நோட்டை வெளியே கொடுக்கமாட்டாராம், அவர் திண்ணையில் உட்கார்ந்துதான் படமெடுக்க வேண்டும்.

மதினிக்குச் சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி சொல்லியிருக்கிறேன்.

உன்
ஆர்மோனியம்