அந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது?

பிரசங்க பீடத்தில் நிற்கும் போதகர்களுக்கும் குருமார்களுக்கும்,

ஸ்தோத்திரம். நான் ஒரு தச்சரின் மகன். போன மாதம் ஒரு பிரசங்கத்தில், “வெறும் தச்சனாய் இருந்தவர்தான் உலகத்தை இரட்சித்தார்” என்று கேட்டேன். முதல் தடவையும் அல்ல. அந்த ‘வெறும்’ வேதத்தில் எங்கே இருக்கிறது?

மாற்கு 6:3-ல் நாசரேத்து ஊரார் “இவன் தச்சன் அல்லவா?” என்கிறார்கள். இளக்காரம் அவர்களுடையது. அதை நாம் ஏன் பீடத்தில் ஏற்ற வேண்டும்? கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய 2-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி கெல்சஸ் இந்தத் தொழிலை வைத்தே கிறிஸ்தவர்களை ஏளனம் செய்தபோது, சபைகள் ஏற்ற சுவிசேஷங்களில் இயேசுவையே தச்சன் என்று எங்கும் சொல்லவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பதில் எழுதினார். ஓரிகன் கையில் இருந்த மாற்குப் பிரதியில் அந்த வசனம் வேறாக இருந்திருக்கலாம். ஆனாலும் படித்தபோது எனக்கு மனசு வலித்தது.

2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், இயேசு கலப்பையும் நுகமும் செய்தார் என்று எழுதியிருக்கிறார். நுகம் என்றாலே எனக்கு அப்பாதான். மாட்டின் பிடரியில் உட்காரும் இடத்தை இழைத்து இழைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரு சிம்பு தட்டுப்பட்டால் மறுபடியும் இழைப்புளியை எடுப்பார். “கழுத்து புண்ணானா மாடு வாய்விட்டா சொல்லும்?” என்பார். “என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது” என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம், நுகத்தைத் தடவிப் பார்த்த ஒரு கை எனக்குத் தெரிகிறது.

ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா. அதற்கு முந்தைய பட்டறை வருஷங்களை ‘ஆயத்தக் காலம்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள். சரி, யோர்தானில் அவர் ஞானஸ்நானம் பெற்றதும் வானத்திலிருந்து “நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்” என்று சத்தம் வந்தபோது, மாற்கு எழுதினபடி, அவர் ஒரு பிரசங்கம்கூடச் செய்திருக்கவில்லை, ஒரு அற்புதமும் நடந்திருக்கவில்லை. அதுவரை செய்ததெல்லாம் பட்டறை வேலை. பிதா பிரியப்பட்ட வருஷங்களில் அதுவும் சேர்த்திதானே?

மாற்கு 6 அடுத்த முறை வாசிப்பில் வரும்போது, பிரசங்கம் எழுத உட்காருவதற்கு முன் உங்கள் சபையில் ஒரு தச்சரின் பட்டறைக்குப் போய்வாருங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கேட்கும்படி “தச்சன்” என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தச்சரின் மகன்