காலிடுக்கில் போன பந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் கல்யாணம் தை மாதம் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்கிறேன். எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

பேரன் பேஸ்பால் ஆடுகிறான். இடக்கைக்காரன் என்பதால் ஃபர்ஸ்ட் பேஸில், அதாவது பந்தை அடித்தவர் முதலில் ஓடிவந்து தொடவேண்டிய இடத்தில், நிறுத்திவிட்டார்கள். ஒரு காலால் பேஸை மிதித்துக்கொண்டு, மற்றவர்கள் எறியும் பந்தை எட்டிப் பிடிப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. சனிக்கிழமை உருண்டு வந்த ஒரு பந்தைக் காலிடுக்கில் விட்டுவிட்டான். பக்கத்தில் இருந்த கிழவர் "பக்னர்" என்று முனகினார். நான் 1988இல் பாஸ்டன் வந்தபோதும் ஆபீசில் அதே பெயர்தான் அடிபட்டது. பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸில் ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற பில் பக்னர்.

1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம். அதுவரை ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையை, ஜெயித்ததில்லை. பத்தாவது இன்னிங்ஸில் (சுற்றில்) 5-3 என்று முன்னால் இருந்தார்கள், எதிரணியான நியூயார்க் மெட்ஸில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால் கோப்பை கையில். அப்புறம் வரிசையாக மூன்று ஹிட் (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டுவது). பந்து வீசியவர் தாறுமாறாக ஒன்றை எறிய, 5-5. அதற்குப் பிறகுதான் மூக்கி வில்சன் தட்டிய பந்து தத்தித் தத்தி வந்து, குனிந்த பக்னரின் கிளவுக்கு அடியில் நழுவிப் போனது. அதில் மெட்ஸ் ஜெயித்தது. கவனி, சமநிலை ஏற்கெனவே வந்துவிட்டது. தொடரில் மறுபடி ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது, ரெட் சாக்ஸ் அதையும் தோற்றார்கள். பழி மட்டும் ஒரே ஆள் தலையில்.

என்னைக் கேட்டால் தப்பு மேனேஜர் மேக்நமாராவுடையது. முன்னிலையில் இருந்தால் கடைசியில் பக்னரை உட்காரவைத்து, மாற்று ஆட்டக்காரர் ஸ்டேபிள்டனை இறக்குவதுதான் அந்த அணியின் வழக்கம். அன்று செய்யவில்லை. பக்னரின் கணுக்கால் 1975லேயே கெட்டுப்போனது. ஐஸில் காலை ஊறவைத்து, கணுக்காலை மூடும் உயரமான ஷூ போட்டு நொண்டிக்கொண்டே ஆடிய ஆள்.

அந்தக் காலோடு 22 சீசன், 2,715 ஹிட். 1980இல் சிகாகோ கப்ஸுக்கு ஆடி, 0.324 பேட்டிங் சராசரியோடு நேஷனல் லீக்கில் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) முதலிடம். மொத்த வாழ்க்கையிலும் ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட், ஆனது 453 தடவைதான். வேடிக்கை என்ன தெரியுமா? 1985இல் ஒரே சீசனில் 184 அசிஸ்ட் (பந்தை எடுத்துக் கூட்டாளிக்குப் போட்டு எதிரியை அவுட்டாக்க உதவுவது), ஃபர்ஸ்ட் பேஸ்காரர்களில் அன்றைக்கு அதுதான் சாதனை. பந்தைப் பொறுக்கித் தானே ஓடிப் போய் பேஸை மிதிக்கக் கால் ஒத்துழைக்கவில்லை, ஓடிவரும் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) தூக்கிப் போட்டார், அதனால்தான் கணக்கு ஏறியது என்பார்கள். இருக்கட்டும், பிடித்தால்தானே போட முடியும்?

2008இல் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில், அங்கே அந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு, சம்பிரதாய முதல் பந்தை எறிய அவரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2019இல் போய்ச் சேர்ந்தார்.

எனக்குப் பிடித்தது 1990. நாற்பது வயதில் திரும்ப ரெட் சாக்ஸுக்கு வந்தார். ஃபென்வேயில் வலது ஓரமாக ஒன்றை அடித்தார். பிடிக்க ஓடியவர் தடுப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழ, நம் ஆள் அந்தக் காலை வைத்துக்கொண்டு நான்கு பேஸையும் சுற்றி ஓடி வந்துவிட்டார். அவருடைய கடைசி ஹோம் ரன் அதுதான்.

பேரனிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு" என்கிறான். கல்யாணப் பத்திரிகை அச்சானதும் ஒன்று அனுப்பு.

உன்,
ராகவன்