கதையை நடத்த ஆள் இல்லாவிட்டாலும் விளையாடலாம்

ஆசிரியருக்கு வணக்கம். போர்டு கேம் என்றாலே உங்கள் பக்கங்களில் செஸ், மோனோபோலி தாண்டி எதுவும் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஒரு பாத்திரமாகவே மாறி விளையாட நிறைய பேருக்கு ஆசை, ஆனால் கதையை நடத்துகிறவர் ஒவ்வொரு முறையும் தயாராகி வர வேண்டும், அதற்கு ஆள் கிடைக்காமலே பல குழுக்கள் கலைந்துவிடுகின்றன. அந்த வேலையை விளையாட்டுப் பெட்டியில் இருப்பவையே பார்த்துக்கொள்ளும் விளையாட்டுகள் இருக்கின்றன.

வீரர்களாக மாறி, அறை அறையாகப் புகுந்து அரக்கர்களோடு சேர்ந்து சண்டைபோடும் போர்டு கேமான குளூம்ஹேவனையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு இரண்டு அட்டை எடுத்து, ஒன்றின் மேல்பாதியையும் இன்னொன்றின் கீழ்பாதியையும் பயன்படுத்த வேண்டும், அட்டைகள் தீர்ந்தால் உங்கள் வீரன் களைத்து விழுந்துவிடுவான், அதனால் அடுத்த அறைக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அப்புறம், சொந்த லட்சியம் நிறைவேறியதும் அந்தப் பாத்திரம் ஓய்வு பெற்றுவிடும், மூடிவைத்த சின்னப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் புது ஆளோடு தொடரலாம். அந்தப் பிரிவு நிஜமாகவே வலிக்கும்.

நினைத்ததையெல்லாம் செய்யும் சுதந்திரம் இதில் இல்லை, சரி. பெரிய பெட்டி பயமுறுத்தினால் 2020-ல் வந்த அதன் சின்ன வடிவமான ஜாஸ் ஆஃப் த லயனில் தொடங்கலாம், முதல் ஐந்து ஆட்டங்களே விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்துவிடும். இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு மாதம் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.