நம்ம நகர் குடியிருப்போர் நலச் சங்கம் 2024-25 ஆண்டறிக்கை (ரிசர்வ் சைட் புல்லு வெவரம் சேர்த்து)

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஞாயித்துக்கிழமை ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது மொத்தம் பதினாலு பேரு, அதுலயும் ரெண்டு பேரு பேரனைத் தேடிட்டு வந்தவங்க. அதனால அங்க படிச்சதையே கொஞ்சம் வெவரமா டைப் பண்ணி எல்லாத்துக்கும் அனுப்பறேன். நீளமாத்தான் இருக்கும், ஒரு வருசமா வாட்ஸ்அப்ல என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒட்டுக்கா பதில் இதுல இருக்குது.

ஆகஸ்ட் 15 கொடி ஏத்துனோம், மிட்டாய் பத்தல. பொங்கலுக்கு கோலப்போட்டி நடந்துச்சு. மாரியம்மன் நோம்பிக்கு நீர்மோர் ஊத்துனோம். கண் பரிசோதனை முகாம் ஒண்ணு. மூணாவது வீதி லைட்டு இப்ப எரியுது.

இனி ரிசர்வ் சைட் விசயம்.

புதுசா குடி வந்தவங்களுக்காக சொல்றேன். பெரிய லேஅவுட் போடறப்ப ரோடு போக மிச்ச இடத்துல 10 சதவீதம் பொது இடமா விட்டு உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுத்துறணும், அதுதான் சட்டம். நம்மளது அப்படி விட்ட 30 சென்ட். இடம் அவங்களுது, பாக்கறது நாம, கொசு கடிக்கறதும் நம்மளை. சரி புல்லு யார் வெட்டறதுன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டா மரத்துக்கு பட்ஜெட் இருக்குது, ரோட்டுக்கு இருக்குது, புல்லுக்குன்னு தனியா தலைப்பே இல்லைங்கன்னாங்க. புகார் போட்டா கான்ட்ராக்டர் ஆளு ரெண்டு பேரு மெஷினோட வருவாங்க, அவ்வளவுதான். ஒரு தடவை ஆளு வர்றதுக்கு முந்தியே "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு போனுக்கு மெசேஜ் வந்துருச்சு.

அவங்க வெட்டற லட்சணத்தையும் சொல்லோணும். அவங்களுக்கு சதுர மீட்டர் கணக்குல காசு, ஒரு தடவை வந்தா மறுக்கா எப்ப வருவாங்கன்னு தெரியாது, அதனால மண்ணு தெரியற வரைக்கும் மொட்டை அடிச்சுப்போட்டுப் போயிருவாங்க. நம்ம ஆளுகளுக்கும் பாக்க சுத்தமா இருக்குதேன்னு ஒரே சந்தோசம். ஆனா புல்லு நிக்கற உசரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே வெட்டுல எடுத்தா அது வேர்ல இருக்கறதைச் செலவு பண்ணித்தான் மறுபடி தழைக்கோணும், அதுக்குள்ள மண்ணு வெய்யல் காஞ்சு அந்த சந்துல பார்த்தீனியம், கோரைனு களையெல்லாம் புகுந்துக்கும். கோரைக்கு அடியில கிழங்கு, நீங்க மேல எத்தனை வெட்டுனாலும் அதுக்கு அலுங்காது. வெட்டிப்போட்ட புல்லையும் அள்ள மாட்டாங்க, அடுத்த மழையில அது சாக்கடையை அடைச்சுக்கும். வெட்டறதுக்கு முந்தி பிளாஸ்டிக்கைப் பொறுக்கறதும் கெடையாது, மெஷினு ஒரு கவரை நூறு துண்டாக்கிப்போடும், அப்புறம் ஆரு பொறுக்கறது? எல்லாத்துக்கும் மேல, நாம வெச்ச வேப்பங்கன்னு நாலும் அந்த மெஷின் நைலான் கயித்துல அடித்தோல் சுத்தியும் உரிஞ்சு பட்டுப்போச்சு. தண்ணி ஊத்தாம செத்துதுன்னு குரூப்புல ஒருத்தர் போட்டிருந்தார். தண்ணி ஊத்துனது நானு.

முந்தின நிர்வாகம் இங்க லானுக்குப் போடற கொரியன் புல்லு பதிச்ச கதை உங்களுக்கே தெரியும். நான் குறை சொல்லல, கணக்கு மட்டும் சொல்றேன். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் தண்ணி நிக்கோணும்னா ஒரு லிட்டர் வேணும். 30 சென்ட் கிட்டத்தட்ட 1,214 சதுர மீட்டர், நம்மூர் சித்திரை வெய்யலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர்னு வெச்சாலும் 6,000 லிட்டர் ஆகுது, அதாவது தினமும் ஒரு டேங்கர் லாரி. குடிக்கற தண்ணிக்கே எத்தனை நாளைக்கு ஒருக்கா குழாய்ல வருதுன்னு பாத்துட்டு நிக்கறோம். அது காஞ்சு வைக்கோலாப் போனதுக்கு செயலாளரை ஏன் கேக்கறீங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

அதனாலதான் இந்த வருசம் நான் வேற வழி புடிச்சேன். எங்க அப்புச்சி ஊரு காங்கேயம் பக்கம். அங்க கொரங்காடுன்னு மாடு மேய்க்கற நெலம் இருக்கும், சுத்தியும் கிளுவை வேலி, அங்கங்க வெள்வேல மரம், உள்ள பூரா கொழுக்கட்டைப்புல்லு. ஒரு சொட்டு தண்ணி பாச்ச மாட்டாங்க, வெய்யலுக்கு காஞ்ச மாதிரி கெடக்கும், ஒரு மழை பேஞ்சா பச்சைனு எந்திரிச்சுக்கும், காங்கேயம் மாடெல்லாம் அதுலதான் வளந்துச்சு. நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல நீலக்கொழுக்கட்டைல கோ 1னு ரகமே விட்டிருக்காங்க. நம்ம வீட்டுப் பக்கத்துல இருக்கறதை விட்டுப்போட்டு கொரியாவுக்கு எதுக்குங்க போகோணும்? கொழுக்கட்டைப்புல்லு வெதையை அறுத்த உடனே வெதைச்சா மொளைக்காது, ஆறேழு மாசம் பழசான வெதையா வாங்கி மணல்ல கலந்து (அது பஞ்சு மாதிரி, காத்துக்குப் பறந்துரும்) புரட்டாசி கடைசியில மழைக்கு முந்தி தூவுனோம். "தூவுனோம்"னா நான், பொருளாளர் அண்ணன், நாலாவது வீதி ரிட்டயர்டு வாத்தியார், மூணே பேரு. அருகம்புல்லு ஏற்கெனவே இருந்துச்சு, அதை அப்படியே விட்டாச்சு.

அக்கா பையன் இங்கிலாந்துல இருக்கறான். அங்க உள்ளாட்சிக்காரங்களே பல எடத்துல அடிக்கடி வெட்டறதை நிறுத்திட்டாங்களாமா, பிளாண்ட்லைஃப்னு ஒரு அமைப்பு 2019ல மே மாசம் வெட்டாதீங்கன்னு ஆரம்பிச்சு வெச்சிருக்குது. டார்செட் பக்கம் கவுன்சிலே ரோட்டோரத்துல வெட்டுன புல்லை அங்கயே போடாம அள்ளிட்டுப் போயிருது, அள்ள அள்ள மண்ணுல சத்து கொறைஞ்சு புல்லு மெதுவா வளரும், வெட்டற செலவும் எறங்கும். இதைக் கேட்டுட்டு நம்ம குரூப்புல ஒருத்தர் நாமளும் மே மாசம் வெட்டாம விடலாம்னாரு. ஏனுங்க, நம்மூர்ல மே மாசம் வெட்டறதுக்கு என்ன இருக்குது? அவங்களுக்கு மே மாசம் பூப்பூக்கற காலம். நமக்கு ஐப்பசி மழையில வளந்து கார்த்திகையில வெதை கட்டும், அதுக்கப்புறம் வெட்டுனாத்தான் உதிர்ந்த வெதை அடுத்த வருசத்துக்கு ஆகும்.

அந்த ஐப்பசியிலதான் சாரைப்பாம்பு வந்துச்சு. செயலாளர் பாம்புப் பண்ணை வெக்கறார்னு அன்னிக்கு ஒரு ராத்திரில நாப்பது மெசேஜ். பயம் நாயமானதுதானுங்க, கண்ணாடி விரியனும் நம்ம பக்கம் உண்டு, நான் இல்லைங்கல. அடுத்த நாளே நடக்கற பாதை ரெண்டு பக்கமும் நாலடி அகலத்துக்கு ஒட்ட வெட்டி இப்ப வரைக்கும் அப்படியே வெச்சிருக்கறேன், நடு மட்டும்தான் வளருது. ஆனா அந்த பாம்பு எலிக்கு வந்துச்சு, எலி சுவத்தோரம் கொட்டற பழைய சோத்துக்கு வந்துச்சு. கொட்டறது ஆருன்னு கேமராவுல இருக்குது, பேரு போடல.

மெஷின் விசயம். கூட்டத்துல கேக்காம செகண்ட் ஹேண்ட்ல புல்லு வெட்டற மெஷின் வாங்கிட்டேன்னு ஒரு குறை. வாஸ்தவம், கேக்கல. அதுக்கு முந்தி ரெண்டு கூட்டம் வேணுங்கற அளவு ஆளு சேராம (கோரம் இல்லாம) கலைஞ்சுது, ஆரைக் கேக்கறது? மார்கழியில அதுலதான் நாலு வெரல் உசரம் விட்டு வெட்டுனோம். வெட்டுன புல்லை பால்கார அம்மா கட்டுக் கட்டா எருமைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, அள்ளுகூலி மிச்சம். அவங்களை கேட்டுல நிறுத்தி நீங்க ஆருன்னு அதட்டுன உறுப்பினர் இன்னும் சந்தா கட்டல.

சந்தா. வீடு 61, வருசத்துக்கு 1,200 ரூவா, அதாவது மாசம் நூறு. கட்டுனது 38 வீடு. காலி சைட் ஏழுக்கும் ஓனரு திருப்பூர்லயும் பெங்களூர்லயும் இருக்கறாங்க, போன் எடுக்கறதில்ல. சந்தா கூட போச்சாது, அந்த சைட்ல பார்த்தீனியம் இடுப்பளவு நின்னு பூத்து ரிசர்வ் சைட்டுக்கு வெதை அனுப்பிட்டே இருக்குது. ஒரு செடியில ஆயிரக்கணக்குல வெதைங்க, பூக்கறதுக்கு முந்தி வேரோட புடுங்குனாத்தான் உண்டு. அதைப் புடுங்கி எனக்கு போன மாசம் பூரா கையெல்லாம் அரிப்பு, டாக்டர் பீஸ் சங்கக் கணக்குல எழுதல.

கணக்கு: வரவு நாப்பத்தஞ்சாயிரத்துச் சொச்சம், செலவு அதைவிட கொஞ்சம் எச்சு, வித்தியாசம் இப்போதைக்கு என் கையில இருந்து போயிருக்குது. பில்லெல்லாம் பொருளாளர் அண்ணன் வீட்டுல ஒரு மஞ்சப்பையில இருக்குது, ஆரு வேணாலும் வந்து பாக்கலாம், பொழுதோட வந்தா நல்லது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், வாத்தியார், நீர்மோருக்கு மோர் குடுத்த வீடு, பால்கார அம்மா, கவுன்சிலர் எல்லாருக்கும் சங்கத்தின் சார்பா நன்றி.

வர்ற வருசத்துக்கு நான் நிக்கறதா இல்லீங்க. வயசும் ஆச்சு, மெஷினு எங்க கார் ஷெட்டுல நிக்கறதுல மருமகளுக்கு வண்டி விட எடமில்ல. ஆனா வெதைச்ச புல்லுக்கு இன்னும் ரெண்டு மழை ஆகோணும், பாதியில விட்டா மறுபடி மொட்டை அடிக்க ஆளு வந்துரும். ஆராச்சும் ஒருத்தர் எடுத்துச் செய்யறேன்னு சொன்னா மெஷின் சாவி, பெட்ரோல்ல கலக்கற ஆயில், வெட்டற தேதி எழுதுன நோட்டு எல்லாம் அன்னிக்கே குடுத்துருவேன். ஆரும் சொல்லலைன்னா அப்புறம் பாக்கலாம். இது வரைக்கும் ஆரும் சொல்லல.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு பார்த்தீனியம் புடுங்கறோம். கிளவுஸ் பதினஞ்சு ஜோடி இருக்குது, போன தடவை மூணு ஜோடிதான் அழுக்காச்சு. டீ உண்டுங்க.

இப்படிக்கு,
செயலாளர்